திரும்பி வந்த 300 பாக்கெட் சொல்லிக் கொடுத்த பாடம்

(தொழில் செய்யும் குழுக்களுக்காக நமது கூட்டமைப்பு நடத்திய ஒரு நாள் பயிற்சிக் கூட்டத்தில், கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில எழுந்து சமைச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சிலர் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. அதனால உங்க நேரத்தை வீணாக்காம நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "மேடம், ஒருத்தர் எங்க ஊருக்கு வந்து ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு சொல்றார். அதை பாக்கெட்டுல போட்டா வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுமாம். குழுப் பணத்துல இருந்து கட்டலாமா?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்றேன்னு சொன்னேன். அந்தப் பதிலை இன்றைக்குக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி நம்ம கூட்டமைப்புல ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்லணும். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தச் சகோதரிகள் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடுதான் சொல்றேன்.

நடந்தது என்ன?

12 பேர் சேர்ந்து சாம்பார் பொடி செய்யும் குழு அது. ருசியில குறை சொல்லவே முடியாது. வாரச் சந்தையில கொண்டு போய் வச்சா சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடும். ஒரு பெரிய அக்கா இருக்காங்க, அவங்க கைப்பக்குவம் அப்படி. பொங்கல் வியாபாரத்துக்காக டவுன்ல ஒரு கடைக்காரர் 200 கிராம் பாக்கெட் 300 வேணும்னு கேட்டார். குழுவுக்குக் கிடைச்ச முதல் பெரிய ஆர்டர்! வெள்ளிக்கிழமை காலையில சரக்கு கடையில இருக்கணும்.

மொத்தம் 60 கிலோ. அஞ்சு டிரம், டிரம்முக்கு 12 கிலோ. புதன்கிழமையே நாலு டிரம் அரைச்சு, ஆற வைச்சு, பாக்கெட் போட்டுட்டாங்க. வியாழக்கிழமை கடைசி டிரம்முக்கான சரக்கை மில்லுக்குக் கொண்டு போனா, மாதாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. பொடி வீடு வந்து சேரும்போது ராத்திரி ஏழு. விடிஞ்சா ஆட்டோ வந்துடும். அப்படியே உட்கார்ந்து பாக்கெட் போட்டு ஒட்டிட்டாங்க. ஒட்டினது, குழுவுல சேர்ந்து ரெண்டே மாசம் ஆன ஒரு தங்கச்சி.

பன்னிரண்டு நாள் கழிச்சு கடைக்காரர் போன் பண்ணார். பாக்கெட்டுல பொடி கட்டி தட்டி இருக்கு, பூஞ்சை வாடை வருதுன்னார். "எது நல்லது, எது கெட்டதுன்னு பொறுக்கிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லம்மா. மொத்தத்தையும் எடுத்துட்டுப் போங்க" அப்படின்னுட்டார். 300 பாக்கெட்டும் ஆட்டோவுல திரும்பி வந்துடுச்சு.

இப்ப கணக்கைப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டுக்கு மிளகாய், மல்லி, பருப்பு, மில் கூலி, கவர், கைக்கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 52 ரூபாய். கடைக்குக் கொடுத்த விலை 60. எல்லாம் நல்லபடியா போயிருந்தா 2,400 ரூபாய் லாபம். கெட்டுப் போனது கடைசி டிரம்மோட 60 பாக்கெட்தான். அதைக் குழி தோண்டிப் புதைச்சாங்க. மீதி 240-ஐ ஒவ்வொண்ணா பிரிச்சு, முகர்ந்து பார்த்து, புதுக் கவர் போட்டு, சந்தையிலயும் தெரிஞ்ச வீடுகள்லயும் 60 ரூபாய்க்கு வித்தாங்க. வந்தது 14,400. ஆன செலவு அடக்கம் 15,600, ஆட்டோ 440, புதுக் கவர் 360, ஆக 16,400. 2,400 லாபம் வர வேண்டிய இடத்துல 2,000 நஷ்டம். ரெண்டு வார உழைப்பும் போச்சு, அந்தக் கடையும் போச்சு.

அதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. "எல்லாம் புதுசா வந்தவ பண்ண வேலை"ன்னு கூட்டத்துல ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் ஆமா போட, அந்தத் தங்கச்சி அழுதுக்கிட்டே எழுந்து போனவதான். அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு அவ வரவே இல்ல.

யார் மேல் தப்பு?

நான் போய் குழுவை உட்கார வைச்சுப் பேசினேன். யாருன்னு கேட்க வேண்டாம், ஏன்னு மட்டும் கேட்போம்னு சொன்னேன்.

பொடி ஏன் கட்டி தட்டுச்சு? சூடா இருக்கும்போதே பாக்கெட் போட்டதால. இட்லிப் பானையைத் திறந்தா மூடியில தண்ணி முத்து முத்தா நிக்குது இல்லையா? அதே கதைதான். மில்லுல இருந்து வர்ற பொடி சூடா இருக்கும். அதைக் கவருக்குள்ள அடைச்சா, ஆறும்போது உள்ளேயே வேர்க்கும். அந்த ஈரம் போதும், பூஞ்சை பிடிக்க.

ஏன் சூடா போட்டாங்க? நேரம் இல்ல. ஏன் நேரம் இல்ல? கரண்ட் இல்ல. கரண்ட் நிறுத்தப் போறாங்கன்னு முன்னாடியே அறிவிப்பு வந்திருக்குமே? வந்திருக்கு. ஏன் யாரும் பார்க்கல? பார்க்கிற வேலையை யாருக்கும் கொடுக்கல. சரி, கடைக்காரர்கிட்ட ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாமே?

இங்கதான் எனக்குத் தொண்டை அடைச்சது. ஏன்னா, அன்றைக்குச் சாயங்காலம் ஊக்குநர் எனக்குப் போன் பண்ணி அதைத்தான் கேட்டாங்க. "முதல் ஆர்டர்மா, எப்படியாவது கொடுத்துடுங்க"ன்னு சொன்னது நான்தான். என்ன பிரச்சினைன்னு கூட முழுசா கேட்கல.

கடைசியா ஒரு கேள்வி. பொடியை ஆற வைக்கணும்னு அந்தத் தங்கச்சிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்புறம் பெரிய அக்கா சொன்னாங்க: "இதைக் கூடவாம்மா சொல்லிக் கொடுக்கணும்?"

ஆமாக்கா, இதைத்தான் சொல்லிக் கொடுக்கணும். உங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். அதனால அது உங்களுக்கு ஒரு வேலையாவே தெரியல. அந்தத் தங்கச்சி வளர்ந்த வீட்டுல பொடியைக் கடையில பாக்கெட்டாத்தான் வாங்கியிருக்காங்க. அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவ. பணியாளர் பயிற்சி ஏன் அவசியம்னு பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேன். ஆனா அந்தப் பாடம் எனக்குப் புரிஞ்சது அன்றைக்குத்தான்.

சொல்லிக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போயிட்டாங்க. அதுவரை தொழிற்சாலை வாசலை மிதிக்காத பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தாங்க. அவங்களுக்குச் சீக்கிரமா, தப்பு வராம வேலை கத்துக் கொடுக்கணும். அதுக்காக 1940-லிருந்து 1945 வரை அரசாங்கமே ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. போருக்குப் பிறகு அந்த முறை ஜப்பானுக்குப் போய், அங்குள்ள கம்பெனிகளிலும் பரவியது. அதில் நாலே படிகள்தான்:

1. முதலில் ஆளைத் தயார் பண்ணுங்க. பயத்தைப் போக்கி, அவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேளுங்க.
2. வேலையை ஒவ்வொரு படியா செஞ்சு காட்டுங்க. ஏன் அப்படிச் செய்யணும்னு காரணத்தையும் சொல்லுங்க.
3. அவங்களையே செய்யச் சொல்லுங்க. செய்யும்போதே ஏன் செய்றோம்னு அவங்க வாயால சொல்ல வையுங்க.
4. தனியா விட்ட பிறகும் அடிக்கடி போய்ப் பாருங்க. சந்தேகம் வந்தா யாரைக் கேட்கணும்னு ஒரு ஆளைக் காட்டுங்க.

இந்த முறைக்கு அடிப்படை ஒரே ஒரு கருத்து. கத்துக்கிறவங்க கத்துக்கலைன்னா, சொல்லிக் கொடுத்தவங்க சரியா சொல்லிக் கொடுக்கலைன்னு அர்த்தம். இதை நம்ம குழுவுக்குப் பொருத்திப் பாருங்க. அன்றைக்குத் தப்பு பண்ணினது யாரு? நாம எல்லாரும்தான்.

ஏழு பெண்கள் செய்து காட்டியது

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் மேடம், நமக்கு எதுக்கு?"ன்னு சிலர் நினைக்கலாம். லிஜ்ஜத் அப்பளம் கேள்விப்பட்டிருப்பீங்க. 1959 மார்ச் 15-ம் தேதி மும்பை கிர்காவ் பகுதியில ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில ஆரம்பிச்ச தொழில் அது. முதல் நாள் போட்டது நாலு பாக்கெட்.

ஆரம்பத்துல அவங்களும் முதல் ரகம், குறைஞ்ச விலைக்கு ரெண்டாம் ரகம்னு ரெண்டு வகை போட்டிருக்காங்க. கடன் கொடுத்து வழிகாட்டிய சகன்லால் பாரேக் என்ற பெரியவர், ஒரே தரம்தான் போடணும், அதுல எக்காரணம் கொண்டும் குறை வைக்கக் கூடாதுன்னு சொல்லி நிறுத்தினார். முதல் வருஷம் மழைக்காலத்துல அப்பளம் காய வைக்க முடியாம நாலு மாசம் தொழிலே நின்னு போச்சு. அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினாங்க. கட்டில் மேல அப்பளம், கட்டிலுக்கு அடியில அடுப்பு. மழையிலும் வேலை ஓடுச்சு. அவங்களுக்கு மழை, நமக்குக் கரண்ட். போன தடவை எதனால நின்னுச்சோ, அதுக்கு அடுத்த தடவை வர்றதுக்குள்ள ஒரு வழி பண்ணி வைச்சாங்க பாருங்க, அதைத்தான் படிச்சவங்க தர மேலாண்மைன்னு சொல்றாங்க.

இன்றைக்கு அங்கே 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்காங்க. மாவு பிசையறது மையத்துல. சகோதரிகள் மாவை வீட்டுக்கு எடுத்துப் போய் உருட்டித் தேய்ச்சு, காய வைச்சுக் கொண்டு வந்தா, சரிபார்த்த பிறகுதான் பாக்கெட். வீட்டுல சுத்தமான இடவசதி இல்லாதவங்களை வெளியே அனுப்பறதில்ல. மாவு பிசையறது, பாக்கெட் போடறதுன்னு வேற வேலை கொடுக்கறாங்க. ஆரம்பிச்ச ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவிச்சது.

நாம் என்ன செய்யலாம்?

அந்தச் சாம்பார் பொடிக் குழு இப்ப நாலு காரியம் செய்றாங்க. எதுக்கும் பெரிய செலவு இல்ல. எந்தத் தொழில் செய்யும் குழுவும் செய்யலாம்.

ஒன்று, கைப்பக்குவத்தை எழுதி வைப்பது. பெரிய அக்கா மகள் பிரசவத்துக்குப் போன மாசம் பொடியோட ருசியும் கூடவே போயிடுச்சு. கைப்பக்குவம் குழுவோட சொத்து, அது ஒருத்தரோட கைக்குள்ளேயே இருக்கக் கூடாது. "ஒரு கை மல்லி"ன்னு அக்கா எடுத்துப் போடும்போது அதைத் தராசுல வைச்சு எத்தனை கிராம்னு எழுதினாங்க. மிளகாய்க் காம்பு கிள்றதுல இருந்து பாக்கெட் ஒட்டற வரைக்கும் வரிசையா ஒரே தாள்ல எழுதி சுவத்துல ஒட்டியிருக்காங்க. அதுல சிவப்பு மையில ஒரு வரி: "பொடியை வெள்ளைத் துணியில் பரப்பி, கை வைத்துப் பார்த்துச் சூடு முழுவதும் போன பிறகே பாக்கெட்." எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படறவங்களுக்காகப் பக்கத்துல படமும் வரைஞ்சிருக்காங்க.

இரண்டு, பேட்ச் நோட்டு. அரைக்கிற ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு எண். அந்த எண் பாக்கெட்டுலயும் இருக்கும், நோட்டுலயும் இருக்கும். தேதி, சரக்கு எந்தக் கடையில வாங்கினது, யார் வறுத்தது, யார் பாக்கெட் போட்டது, எத்தனை பாக்கெட் எல்லாம் எழுதணும். அன்றைக்கே இது இருந்திருந்தா, "அந்த எண் போட்ட 60 பாக்கெட்டை மட்டும் எடுத்து வைங்கண்ணே, நாளைக்கே மாத்தித் தர்றோம்"னு கடைக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம். கடை நம்ம கையை விட்டுப் போயிருக்காது. ஒவ்வொரு டிரம்முல இருந்தும் ரெண்டு பாக்கெட்டை விக்காம அலமாரியில வைக்கறாங்க. ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, கெடு தேதி வரும்போது ஒண்ணு பிரிச்சுப் பார்க்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம். அது ஒரே பானையில வெந்த சோத்துக்குத்தான். அஞ்சு டிரம்முன்னா அஞ்சு பானை, மறந்துடாதீங்க.

மூன்று, வேலை அட்டவணை. ஒரு சார்ட்டுல இந்தப் பக்கம் உறுப்பினர் பெயர், மேலே வேலைகள்: சரக்கு வாங்குவது, வறுப்பது, எடை போடுவது, பாக்கெட் ஒட்டுவது, கணக்கு எழுதுவது, கடைக்காரரிடம் பேசுவது. கத்துக்கிட்டு இருந்தா அரை வட்டம், தனியா செய்யத் தெரிஞ்சா முழு வட்டம், மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சா ஒரு பூ. முதல் தடவை போட்டுப் பார்த்தப்ப, கணக்குக்கும் கடைக்காரரிடம் பேசறதுக்கும் ஊக்குநர் ஒருத்தருக்கு மட்டும்தான் வட்டம் இருந்தது. அவங்களுக்கு காய்ச்சல் வந்தா குழுவுக்கே காய்ச்சல்! இப்ப ஒவ்வொரு வேலைக்கும் குறைஞ்சது ரெண்டு பேர்னு முடிவு பண்ணி, மாசத்துல ஒரு கூட்டத்துல அரை மணி நேரம் அதுக்குன்னே ஒதுக்கறாங்க.

நான்கு, தப்பைச் சொன்னவங்களைத் திட்டாம இருப்பது. இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். அந்தத் தங்கச்சி அப்புறம் என்கிட்ட தனியா ஒண்ணு சொன்னா. "பாக்கெட் ஒட்டும்போதே கவர் உள்ளே வேர்த்ததைப் பார்த்தேன் மேடம். சொன்னா புதுசா வந்தவளுக்கு என்ன தெரியும்னு சொல்வாங்கன்னு பேசாம இருந்துட்டேன்." சகோதரிகளே, அவ அன்றைக்கு வாயைத் திறந்திருந்தா நஷ்டமே இல்ல. அவ வாயைத் திறக்க நாம இடம் கொடுக்கல. இப்ப அந்தக் குழுவுல, சந்தேகம் வந்தா யார் வேணும்னாலும் வேலையை நிறுத்தலாம். நிறுத்தினதுக்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு தீர்மான நோட்டுலயே எழுதியிருக்காங்க.

சர்டிபிகேட் வாங்கலாமா?

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். ஐ.எஸ்.ஓ. என்பது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001-ஐ முதலில் 1987-ல் வெளியிட்டது. அது என்ன கேட்குது? செய்யப் போறதை முறைப்படுத்தி வை. அதன்படி செய். செஞ்சதுக்குப் பதிவு வை. தப்பு வந்தா காரணத்தைக் கண்டுபிடிச்சு, திரும்ப வராம பார். வேலை செய்றவங்களுக்கு அந்த வேலை தெரியுமான்னு உறுதி பண்ணு. நாம இப்ப பேசின நாலும் இதுக்குள்ள அடங்கிடுச்சு.

ஒண்ணைக் கவனமா கேட்டுக்குங்க. அந்த அமைப்பு நேரடியா யாருக்கும் சர்டிபிகேட் கொடுக்கறது இல்ல. தனி நிறுவனங்கள்தான் வந்து தணிக்கை செஞ்சு கொடுக்கறாங்க. உங்க வேலை நடக்கிற இடத்தைப் பார்க்காம, நோட்டைப் பார்க்காம, பணத்தை மட்டும் வாங்கிக்கிட்டு ஒருத்தர் தாளைக் கொடுத்தா, அது வெறும் தாள்தான். அந்தத் தாளைச் சுவத்துல மாட்டினாலும் சூடான பொடி வேர்க்கத்தான் செய்யும். பெரிய கம்பெனியோ ஏற்றுமதி செய்றவங்களோ அதைக் கேட்கும் காலம் வரும்போது வாங்கிக்கலாம்.

ஆனா சட்டப்படி கட்டாயமா வேண்டியது வேற இருக்கு. உணவுப் பொருள் செய்றவங்க எல்லாரும் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சின்ன அளவுன்னா பதிவு, பெரிய அளவுன்னா உரிமம் வாங்கியே ஆகணும். உங்க குழுவுக்கு எதுன்னு உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்க. அந்த 14 இலக்க எண், சேர்மானம், எடை, விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, கெடு தேதி, குழுவின் முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் பாக்கெட்டுல இருக்கணும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டுடுங்க. முதல்ல பணத்தை இதுக்குச் செலவு பண்ணுங்க.

கடைசியா ஒரு சேதி. ரெண்டு கூட்டத்துக்கு வராத அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் பெரிய அக்காவே போனாங்க. நானும் கூடப் போனேன். "வாடி, எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியல, உனக்குத் தெரியாம போச்சு. அவ்வளவுதானே?"ன்னாங்க. நானும் போன்ல சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவ உடனே வந்துடல. ஒரு வாரம் யோசிச்சுட்டுத்தான் வந்தா. இப்ப பேட்ச் நோட்டு அவ கையிலதான் இருக்கு. பாக்கெட் ஒட்டற வேலைக்கு நேரா அவ பேருக்கு ஒரு பூ. அந்தக் கடைக்காரர் இன்னும் நம்மகிட்ட வாங்கல. ஆனா போன மாசம் ஒரு மாதிரி பாக்கெட்டைக் கேட்டு வாங்கி வைச்சிருக்கார். பார்ப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு தாள் கொண்டு வரணும். உங்க பொருளை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்றீங்கன்னு அதுல எழுதியிருக்கணும். எழுதினதை, குழுவுல கடைசியா சேர்ந்தவங்ககிட்ட கொடுத்துச் செய்யச் சொல்லுங்க. அவங்களுக்கு எந்த இடத்துல புரியலையோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதிக்கிட்டு வாங்க.